முகத்திடம் சொல்லிக்கொள்ளுதல்

மணல்மடத்தில் துறவு கேட்பவர் ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

வைகாசி விசாகத்தன்று காலையில் வெண்கல உருளியில் தண்ணீர் நிரப்பி மடத்து முற்றத்தில் வைப்பார்கள். கேட்பவர் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து, அந்த முகத்திடம் "போகிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் காவித் துணி கிடைக்கும்.

கேட்கச் சுலபம்தான். ஆனால் நம் நாக்கு அப்படிப் பழகியதில்லை. வாசல் தாண்டும் பிள்ளை "போறேன்" என்றால் தாய்க்காரி பதறிப்போய், "போயிட்டு வாரேன்னு சொல்லுலே" என்பாள். பால் வாங்கப் போனாலும் அப்படித்தான். பட்டாளத்துக்குப் போனாலும் அப்படித்தான்.

குற்றாலிங்கம் போன வைகாசியில் உருளியின் முன்னால் நின்றார். நிமிர்ந்த ஆள். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மடத்துக்கு வந்தவர். அவர் குனிந்தார். தண்ணீரில் ஒழுங்காகக் கத்தரித்த மீசையும் அகலமான நெற்றியும் தெரிந்தன. அவர் வாயைத் திறந்தார்.

"போயிட்டு வாரேன்" என்றது வாய்.

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. மடத்துச் சமையல்காரர் ஆவுடையப்பன் மட்டும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மடத்தின் தலைவி மங்கையம்மை உருளித் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு, "அடுத்த விசாகத்துக்குப் பார்ப்போம், ஐயா" என்றார்.

இரண்டாம் முறையும் சொல் மாறினால் பிறகு கேட்கக் கூடாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும். அது மடத்து வழக்கம்.

மங்கையம்மைக்குக் குற்றாலிங்கத்தின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாத்தியார் வாய் நிறையத் "தாயே" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் போக வேறு இடம் இருந்தது. மகன் வீட்டில் அறை இருந்தது, கட்டில் இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அங்கே இருந்த நாளெல்லாம், யாரோ விசில் ஊத மறந்துபோன மைதானத்தில் நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. மடத்தில்தான் மூச்சு இறங்கியது. இந்த மடத்தை விட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்று அவர் மனதில் பட்டுவிட்டது.

அதனால் ஒரு வருடமாக அந்தச் சொல்லைப் பழகினார். மணலிடம் சொன்னார். பனை மரத்திடம் சொன்னார். மேய வந்த வெள்ளாட்டிடம் "போகிறேன்" என்றபோது அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. எல்லாரிடமும் சொல் சரியாக வந்தது. தன் முகத்தை மனதில் நினைத்துச் சொல்லிப் பார்த்தால் மட்டும் நாக்கு புரண்டது.

அம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தாயே, முகத்துக்கிட்ட மட்டும் ஏன் நாக்கு புரளுது?"

"தெரியலையே, ஐயா."

"நீங்க சொன்னப்ப புரளலையா?"

"புரண்டிருக்கும். அன்னைக்கு நல்ல காத்து. உருளித் தண்ணி அலைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. முகமே தெரியல. சட்டுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அம்மை சிரித்தார். முறத்திலிருந்து கல் ஒன்றை எடுத்து வெளியே எறிந்தார்.

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. முகம் தெரியாவிட்டால் சொல் வருகிறது. காற்று நம் கையில் இல்லை. முகம் நம் கையில் இருக்கிறது.

மடத்துக்குப் பின்னால் தேரி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவந்த மணல்மேடு. அக்னி நட்சத்திரத்தில் அங்கே ஓணான்கூட நிழலைத் தேடிப் போய்விடும். மேலே இருந்தும் வெயில் அடிக்கும், கீழே மணலில் இருந்தும் வெயில் அடிக்கும். யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் காலையில் அவர் அதன் உச்சிக்கு ஏறினார். கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டவைத்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கி நின்றார். உடம்பு அவர் சொன்னபடி நின்றது. அது எப்போதும் அவர் சொன்னபடிதான் நிற்கும்.

பொழுது சாய்ந்த பிறகே இறங்கினார்.

ஆவுடையப்பன்தான் முதலில் பார்த்தார்.

"என்ன வே டிரில் சார், பனம்பழத்தைச் சுட்டு எடுத்தாப்புல வந்து நிக்கீரு?"

குற்றாலிங்கத்துக்குப் பதில் சொல்ல உதடு விரியவில்லை. முகம் இழுத்துக் கட்டிய தோல்போல் விறைத்திருந்தது. கன்னத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால், தொடாமலே உள்ளங்கையில் சூடு தெரிந்தது.

"பயலுகளை வெயில்ல நிறுத்தி நிறுத்திப் பழகின கை. நிறுத்த ஆள் கிடைக்கலன்னதும் தன்னையே நிறுத்திக்கிட்டீரு. இரும், மஞ்சளும் எலுமிச்சம்பழமும் அரைச்சு அப்பிருவோம். காலையில பளிங்கு மாதிரி ஆயிரும்."

"அதை எலுமிச்சம் சாதத்துல போடுங்க, அண்ணாச்சி" என்று பின்னால் குரல் கேட்டது. அம்மை வந்திருந்தார்.

"அப்ப தேங்காய் எண்ணெய்?"

"இப்ப வேண்டாம். கொதிச்சுக்கிட்டு இருக்கு. எண்ணெய் போட்டு மூடினா சூடு உள்ளேயே நிக்கும்."

"சோடாக் கடையில ஐஸ் இருக்கும். ஓடிப் போயி..."

"ஐஸும் ஒரு சூடுதான். மோர் கொண்டு வாங்க. உப்புப் போட்டு, தண்ணியா."

அம்மை ஏன் என்று கேட்கவில்லை. அவரைக் கூடத்தில், காற்று வரும் இடத்தில் உட்காரவைத்தார். பழைய வேட்டியில் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன ஒரு துண்டைக் கிழித்தார். பானைத் தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, முகத்தின் மேல் போட்டார். தேய்க்கவில்லை. துணி சூடேறியதும் எடுத்து நனைத்து மறுபடி போட்டார். எடுத்தார், நனைத்தார், போட்டார். துணிக்கு உள்ளே இருட்டில் குற்றாலிங்கம் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே மோர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார்.

மறுநாள் அம்மை சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றை அறுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தார். மஞ்சளாகப் பால் வடிந்தது. அது வடிந்து முடியும்வரை தொடவில்லை. பிறகு கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருந்த வழுவழுப்பான சதையை நெற்றியிலும் கன்னத்திலும் விரல் படாத மாதிரி தடவினார். நெற்றி ஓரத்தில் இரண்டு சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது விரல்.

"உடைச்சு விட்டுரலாமா, தாயே?"

"இருக்கட்டும். உள்ளே வேலை நடக்குது. கூரையைப் பிரிக்காதீங்க."

"எப்பச் சரியாவும்?"

"அதுகிட்டக் கேளுங்க."

"எதுகிட்ட?"

"தோலுகிட்ட."

குற்றாலிங்கம் கேட்டுப் பார்த்தார். வேடிக்கையாக இல்லை, நிஜமாகவே. அறுபது வருடமாகக் கைக்கும் காலுக்கும் உத்தரவு போட்ட மனிதர். மனதுக்குள் தோலைப் பார்த்து, 'சீக்கிரம்' என்றார். தோல் கேட்டதாகத் தெரியவில்லை. நின்ற உடம்பு தன் பேச்சைக் கேட்டது, ஆறும் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு முதல் முறையாக ஒரு சந்தேகம் வந்தது. இந்த உடம்பில் தன் உத்தரவு எட்டாத இடமும் இருக்கிறதா?

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் பால் காய்ச்சிக் கொடுத்தார். டம்ளரில் கொதித்தது. குற்றாலிங்கம் இன்னொரு டம்ளரை எடுத்து, கையை உயரத் தூக்கி ஆற்றத் தொடங்கினார். நீளமாக, நுரை கட்ட, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றுவார். அது பார்க்கவே அழகாக இருக்கும்.

"ஆத்தாதீங்க" என்றார் அம்மை.

"சூடா இருக்கே, தாயே."

"வைங்க. ஆறட்டும்."

"அதைத்தானே நானும் செய்யிறேன்."

"நீங்க ஆத்துறது வேற. அது ஆறுறது வேற."

டம்ளரைத் தரையில் வைத்தார். அம்மை அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார். அவரும் உட்கார்ந்தார். ஆவி எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பாலின் மேற்பரப்பு ஒரு முறை நடுங்கிவிட்டு அமைதியானது. அதன்பின் ஓரத்தில் என்னவோ மாறியது. பளபளப்பு மங்கியது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிய ஆடை படர்ந்தது. நடுவில் வந்து சேர்ந்ததும் லேசாகச் சுருங்கி ஒரு மடிப்பு விழுந்தது.

பாலாடை தெரியாதவரா அவர்? எத்தனை முறை விரலால் எடுத்து ஓரத்தில் போட்டிருப்பார். ஆனால் அது வருகிற நேரத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் எப்போதும் அவர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டா இந்த ஆடையை?" என்றார் அம்மை.

குற்றாலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் சும்மா மடியில் கிடந்தன. அவருக்கு முழங்கையிலிருந்து ரோமம் சிலிர்த்து ஏறியது.

"பால் ஆறிருச்சு, குடியும் வே" என்றார் ஆவுடையப்பன் உள்ளே இருந்து. "பாலைச் சாமி கும்பிடுற ஆளை இப்பத்தான் பார்க்கேன்."

முகத்தின் சூடு அடங்கியது. விறைப்பு தளர்ந்தது. பிறகு ஒரு காலையில் நெற்றி அரிக்கத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடித்திருந்தது. மூக்கின் மேலும் கன்னத்திலும் சருகு சருகாகக் கிளம்பி நின்றது. மடத்தில் கண்ணாடி கிடையாது. விரல்தான் கண்.

விசாகம் நெருங்கிவிட்டிருந்தது.

கிணற்றடியில் ஆவுடையப்பன் உடம்பு தேய்க்கிற காய்ந்த பீர்க்கங்கூட்டை நீட்டினார். "இந்தாரும். உருளைக்கிழங்குத் தோலு மாதிரி வழிச்சு எடுத்துரும். பாதி உரிஞ்சும் பாதி உரியாமலும் போயி உருளிக்கு முன்னால நின்னா, தண்ணியே பயந்துரும்."

குற்றாலிங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. பீர்க்கங்கூட்டை எடுக்கவில்லை. ஆனால் மூக்கோரம் ஒரு சருகு நன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வந்தது. இன்னும் கொஞ்சம். சுரீர் என்றது. விரலில் ரத்தம் ஒட்டியிருந்தது.

கூடத்துக்கு வந்தபோது அம்மை பார்த்தார். திட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினார். விளக்குத் திரி வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த தோலை மட்டும் வெட்டி எடுத்தார். சூடு போய்விட்டதால் இப்போது துளி தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் எடுத்து, புண்ணைத் தொடாமல், காய்ந்த இடங்களில் பூசினார்.

"உரியட்டும், ஐயா. உரிக்காதீங்க."

"விசாகம் வந்துருச்சே, தாயே."

"அதுக்கு விசாகம் தெரியாதே."

குற்றாலிங்கம் தலை குனிந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "முகத்தை அழிச்சுட்டா சொல்லு வரும்னு நினைச்சேன். இப்ப அது அழிஞ்ச மாதிரியும் இல்ல, இருக்கிற மாதிரியும் இல்ல. எந்த முகத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறது?"

அம்மை எண்ணெய்க் கிண்ணத்தை மூடி மாடத்தில் வைத்தார்.

விசாகத்தன்று காலையில் காற்றே இல்லை. முருங்கை இலைகூட அசையவில்லை. தேரியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். உருளி முற்றத்தில் இருந்தது. தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. குற்றாலிங்கத்தின் பெட்டி கூடத்து ஓரத்தில் கட்டித் தயாராக இருந்தது. அதை அவரே கட்டி வைத்திருந்தார். அம்மை கையில் மடித்த காவித் துணியோடு நின்றார்.

குற்றாலிங்கம் கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் மனதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தார். போகிறேன், போகிறேன், போகிறேன். உருளியின் முன்னால் நின்றார். குனிந்தார்.

தண்ணீரில் ஒருவர் இருந்தார்.

நெற்றியில் தோல் முழுக்க உதிர்ந்திருந்தது. கன்னத்தின் ஓரத்தில் மட்டும் பழைய தோலின் கரை, அலை வந்து பின்வாங்கிய இடத்து நுரைபோல் மெல்லியதாக நின்றது. அந்தக் கரைக்கு உள்ளே வேறொரு தோல். கிழவனின் தோல் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் துடைத்துப் போட்ட பச்சைப் பிள்ளையின் தோல். வானத்து வெளிச்சம் அதன் மேல் படுவதற்கே தயங்கியதுபோல் இருந்தது. வெயில் சுட்ட இடத்துக்கு அடியில், அவர் தூங்கியபோதும், பயந்தபோதும், சருகைப் பிடித்து இழுத்தபோதும், யாரும் விசில் ஊதாமல், யாரும் பெயர் கூப்பிடாமல், இது வந்து நின்றிருக்கிறது. ஓர் இடத்தில்கூட அவர் கைவேலை இல்லை. இல்லை, ஓர் இடத்தில் இருந்தது. மூக்கோரத்தில் அவர் பிடுங்கிய இடம். அங்கே மட்டும் பொருக்கு.

பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள்.

குற்றாலிங்கத்துக்குச் சொல்ல வேண்டிய சொல் மறந்துபோயிற்று. கண் நிறைந்தது. கண்ணீர் ஒரு சொட்டு உருளியில் விழுந்துவிடப் போகிறதே என்று தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் எதிர்பாராத ஒருவர் வந்து நின்றால் மனிதன் என்ன சொல்வானோ அதை அவர் வாய் சொன்னது.

"வாங்க."

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு. போன வருசம் போயிட்டு வாரேன்னாரு. இந்த வருசம் வாங்கங்காரு. அடுத்த வருசம் காபி சாப்பிடுறீங்களான்னு கேட்பாரு."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு காதில் விழுந்த பிறகுதான் குற்றாலிங்கத்துக்குத் தான் சொன்னது உறைத்தது. நிமிர்ந்தார். முகம் வெளிறியது. கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு அம்மையைப் பார்த்தார்.

"சொல்லு மாறிப்போச்சு, தாயே."

"ஆமா."

"வேணும்னு சொல்லல."

"தெரியும். யாரைப் பார்த்துச் சொன்னீங்க?"

"புதுசா ஒருத்தரு. நான் கூப்பிடவே இல்ல. அவரா வந்து நிக்காரு. வந்தவரை வாங்கன்னு சொல்லாம எப்படி, தாயே?"

"பழையவரு?"

குற்றாலிங்கம் மறுபடி ஒரு முறை தண்ணீரைப் பார்த்தார்.

"காணோம். அவருகிட்டச் சொல்லத்தான் ஒரு வருசமாப் பழகினேன்."

"அவரு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டா போனாரு?"

முற்றத்தில் சிரிப்பு நின்றது. கைகளை உடம்போடு ஒட்டவைத்து நிற்பது குற்றாலிங்கத்தின் வழக்கம். இப்போது அவை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கின.

தேரிக்கு மேலே வெயில் எழும்பிவிட்டிருந்தது. அம்மை கிட்டே வந்தார். காவித் துணியை உதறி விரித்தார். அவர் தலையில் போட்டு, அதன் ஓரத்தை நெற்றிக்கு முன்னால் இழுத்து நிழலாக விட்டார்.

"எந்நேரமும் போட்டுக்கிடுங்க, ஐயா. புதுசு. வெயில் தாங்காது."